தையல் பிரிக்கும் நாள்: எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு,

இடுப்பு முறிந்து உங்களிடம் வந்த முதியவர்களை நீங்கள் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். அதன்பிறகு அவர்களை நடக்கவைப்பவள் நான். பிசியோதெரபிஸ்ட். திருச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கட்டில் எவ்வளவு உயரம், கழிப்பறைக் கதவுக்குள் வாக்கர் நுழையுமா, ராத்திரி எழுந்தால் விளக்குச் சுவிட்சு கைக்கு எட்டுமா என்று பார்ப்பது முதல் நாள் வேலை. அதற்கும் முன்னால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுவேன். இந்த மடல் அந்தக் காகிதத்தைப் பற்றியது.

சமீபத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவுக்கு 74 வயது. மகள் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் இருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டினார். உள்ளே இரண்டு சம்மரிகள். ஒன்று 2021-இல் எழுதியது: வீட்டில் விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்து முறிவு, பைபோலார் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. இன்னொன்று மை காயாத புதுசு: வீட்டில் விழுந்ததில் வலது தொடை எலும்பின் கழுத்து முறிவு, பைபோலார் பொருத்தப்பட்டது. இரண்டாவது தாளில் முன்வரலாறு என்ற இடத்தில், 2021-இல் இடது இடுப்பு ஆபரேஷன் நடந்ததாக ஒரு வரி இருந்தது. எழுதியவர் அந்த வரியில் ஒரு நொடிகூட நின்றிருக்க மாட்டார். மருந்துப் பட்டியல் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றுதான்: ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, வயிற்றுக்குப் பான்டோபிரசோல், கால்சியம் முப்பது நாளுக்கு. 14-ஆம் நாள் தையல் பிரிக்க வரவும். முடிந்தது.

"ஏம்மா, அந்த வழுக்குற டைல்ஸைப் பேத்து எடுத்தாச்சு. இனிமே விழமாட்டேன்" என்றார் பெரியம்மா. வாக்கரைப் பிடிக்க அவர் வலது கையைத் தூக்கி வைத்தபோது மணிக்கட்டு கோணலாக இருப்பதைப் பார்த்தேன். எப்போது என்று கேட்டேன். "அது ஆச்சு பத்து வருஷம். வாசப்படி தடுக்கிக் கையை ஊனிட்டேன். புத்தூர் கட்டுப் போட்டோம், சரியாப் போச்சு."

மணிக்கட்டு, இடது இடுப்பு, வலது இடுப்பு. மூன்று தடவையும் நின்ற நிலையிலிருந்து விழுந்ததுதான். மாடியிலிருந்து அல்ல, வண்டியிலிருந்தும் அல்ல. பத்து வருஷத்தில் அந்த வீட்டில் வாசப்படியை இடித்துச் சரிவாக்கினார்கள், டைல்ஸை மாற்றினார்கள், குளியலறையில் கைப்பிடி அடித்தார்கள். எலும்பை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

உங்கள் கைவேலையில் குறை சொல்ல நான் எழுதவில்லை. முந்தாநாள் முறிந்து கிடந்தவரை மறுநாள் எழுப்பி நிறுத்துகிறீர்கள். நான் படிக்கும் காலத்தில், இடுப்பு முறிந்து காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் படுத்துப் படுக்கைப்புண் வந்து போனவர்களைப் பார்த்தவள் நான். ஆகவே உங்கள் மேல் மரியாதை உண்டு. அந்த மரியாதையோடுதான் கேட்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உறவினரிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "எலும்பு ரொம்ப வீக்கா இருந்துச்சும்மா, பஞ்சு மாதிரி. கஷ்டப்பட்டுத்தான் உக்கார வச்சிருக்கோம்." எத்தனையோ வீடுகளில் இந்தச் சொல்லை மகளும் மருமகனும் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எலும்பைக் கையால் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் நீங்கள். ஸ்கேன் எடுப்பவர் நிழலைப் பார்க்கிறார், சர்க்கரை டாக்டர் எண்ணைப் பார்க்கிறார். நீங்கள் துளைபோடும்போதே அதன் பலவீனம் உங்கள் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்தது வாசலோடு நின்றுவிடுகிறது, சம்மரியில் ஏறுவதில்லை. என் முதல் ஆதங்கம் இதுதான்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் இங்கே இறக்கிவைத்துவிடுகிறேன். நம் ஊரில் எல்லாமே 'தேய்மானம்'. மூட்டு வலித்தாலும் தேய்மானம், கழுத்து வலித்தாலும் தேய்மானம், எலும்பு உள்ளே பொந்து விழுந்து உளுத்துப்போனாலும் தேய்மானம். மூட்டுத் தேய்மானம் வலிக்கும். எலும்புப்புரை முறியும் வரை வலிக்கவே வலிக்காது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, 'வயசானா தேயத்தானே செய்யும்' என்று நீங்களும் சிரித்துக்கொண்டே சொன்னால், மருந்து என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் குடும்பம் நினைக்காது. தைலத்தோடு நிற்கும்.

மருந்து இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தும் தாளில் ஏறாததைத்தான் சொல்கிறேன். 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஹொரைசன் ஆய்வு உங்கள் நோயாளிகளைப் போன்றவர்களை வைத்தே செய்தது. இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆன 2,127 பேர். ஆபரேஷன் ஆகித் தொண்ணூறு நாளுக்குள் ஒரு பாதிக்கு ஜோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றினார்கள். மறு பாதிக்கு மருந்தில்லாத டிரிப். ஏறத்தாழ இரண்டு வருஷம் கவனித்ததில், மருந்து ஏறாதவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மறுபடி எலும்பு முறிந்தது. மருந்து ஏறியவர்களில் ஒன்பது பேருக்கும் குறைவு. இறப்பு நூற்றுக்குப் பதின்மூன்றிலிருந்து பத்துக்கும் கீழே வந்தது. எலும்புக்கான மருந்து ஒன்று உயிரிழப்பையும் குறைத்தது என்று படித்த அன்று, எனக்கு என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. நான் போகும் வீடுகளின் முகவரி எழுதும் நோட்டு அது. இடுப்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் போய்விடுகிறார் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த நோட்டில் கோடு போட்டு அடித்த பெயர்கள் அதை மறுக்கவில்லை.

"கால்சியம் எழுதியிருக்கோமே" என்பீர்கள். எழுதியிருக்கிறீர்கள். கேழ்வரகும் மோரும் முருங்கைக்கீரையும் சாப்பிடச் சொல்லி நானும்தான் வீடு வீடாகச் சொல்கிறேன். ஆனால் 2005-இல் லான்செட்டில் வந்த ரெக்கார்ட் ஆய்வு என்ன காட்டியது? பிரிட்டனில், ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்த, 70 வயது தாண்டிய 5,292 பேர். கால்சியம் மட்டும், வைட்டமின் டி மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவுமில்லாத மாத்திரை என்று நான்கு பிரிவு. அடுத்த முறிவு எந்தப் பிரிவிலும் குறையவில்லை. எலும்பை அரிக்கும் செல்லும் கட்டும் செல்லும் வாழ்நாள் முழுக்க வேலை பார்க்கின்றன. மாதவிடாய் நின்றபிறகு அரிப்பு வேகமெடுக்கிறது. அரிப்பை நிறுத்தாமல் கால்சியம் மட்டும் கொடுப்பது, கொத்தனார் வராத வீட்டு வாசலில் செங்கல் லோடு இறக்குவதுபோல. செங்கல் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைபாடு உள்ளவருக்கு அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். வெயில் கொளுத்தும் திருப்பதிப் பக்கத்து மக்களிடமே வைட்டமின் டி குறைவும் கால்சியம் குறைந்த சாப்பாடும் இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் 2007-இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் முறிந்த எலும்புக்கு முப்பது நாள் கால்சியம் எழுதிவிட்டு, எலும்புக்கு மருந்து கொடுத்தாயிற்று என்று நினைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

"டெக்ஸா ஸ்கேன் எடுக்காம எப்படி எழுதுறது? எங்க ஊர்ல மெஷின் இல்ல." இதையும் கேட்டிருக்கிறேன். எலும்பு அடர்த்திக்கான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 என்ற கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்டது. ஒரே மாதிரி பேசுவதற்கு ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டார்கள். எலும்பு அந்தக் கோட்டைப் படித்துவிட்டா முறிகிறது? அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பெண்களைத் தொடர்ந்த நோரா ஆய்வு 2004-இல் வந்தது. ஒரு வருஷத்துக்குள் எலும்பு முறிந்தவர்களில் 82 விழுக்காட்டினர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர்கள், அதாவது 'நோய் இல்லை' என்ற பக்கம். அடர்த்தி என்பது பலத்தில் ஒரு பங்குதான். உள்வலையில் எத்தனை இழை அறுந்திருக்கிறது, வெளிச்சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது, தொடைக் கழுத்தின் நீளமும் வளைவும் என்ன என்பதெல்லாம் சேர்ந்ததுதான் எலும்பின் பலம். அதனால்தான் இரண்டாயிரத்து எட்டில் ஷெஃபீல்டில் ஃப்ராக்ஸ் கணக்கை உருவாக்கியவர்கள், வயதையும் முன் முறிவையும் ஸ்டீராய்டு மாத்திரையையும் பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்பதையும் கேட்டார்கள். ஸ்கேன் எண் இல்லாமலும் அந்தக் கணக்கைப் போடலாம். நின்ற நிலையில் விழுந்து 74 வயதில் இடுப்பு முறிந்தால், அந்த முறிவேதான் பரிசோதனை முடிவு. பானை உடைந்தபிறகு தட்டிப்பார்க்க ஒன்றுமில்லை.

இதில் எனக்கு எரிச்சலூட்டும் வேடிக்கை ஒன்றும் உண்டு. கல்யாண மண்டபத்திலும் அடுக்குமாடி வாசலிலும் குதிகாலை வைத்துப் பார்க்கும் மெஷினோடு இலவச முகாம் நடக்கிறது. நாற்பது வயதுப் பெண்கள் வரிசையில் நின்று, பயந்துபோய், வைட்டமின் பொடிப் பாக்கெட்டோடு வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டு இடுப்பும் முறிந்த பெரியம்மாவுக்கு அந்த வரிசையில் நிற்கவும் முடியாது, அவரைத் தேடி அங்கிருந்து யாரும் வரவும் இல்லை.

பக்க விளைவு என்று தயங்குகிறீர்களா? அது நியாயமான தயக்கம். தாடை எலும்பு அழுகுவதும், ஜோலெட்ரானிக் அமில வகை மருந்தை நெடுநாள் எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பு நடுவில் வித்தியாசமாக முறிவதும் உண்மைதான். கலிபோர்னியாவில் 1,96,129 பெண்களைக் கவனித்த ஆய்வு 2020-இல் வந்தது. பத்தாயிரம் வெள்ளையினப் பெண்கள் மூன்று வருஷம் இந்த வகை மருந்தை எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும், இரண்டு பேருக்கு அந்த வித்தியாசமான முறிவு வரும் என்பது அதன் கணக்கு. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு அது 91-ம் 8-ம். நமக்கு லாபம் கொஞ்சம் குறைவு, ஆபத்து அதிகம். மறைக்க வேண்டியதில்லை. ஆகவேதான் சில வருஷம் கொடுத்துவிட்டு நிறுத்தி யோசிக்கச் சொல்கிறார்கள். பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். சிறுநீரகக் கணக்கு 35-க்குக் கீழே என்றால் ஜோலெட்ரானிக் டிரிப் கூடாது என்கிறார்கள். இதெல்லாம் எடைபோட்டுப் பார்க்கவேண்டிய விஷயங்கள். எடைபோட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் வாயே திறக்க மாட்டேன். தராசையே எடுக்காமல் விடுவதுதான் வலிக்கிறது.

"இது என் டிபார்ட்மென்ட் இல்லைம்மா, பிசிஷியனைப் பாக்கச் சொல்லு." ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னது. பெரியம்மா பிசிஷியனிடம் போனார். அவர் சர்க்கரையைப் பார்த்தார், பிரஷரைப் பார்த்தார், "எலும்பெல்லாம் ஆர்த்தோ பாத்துக்குவாரு" என்றார். மாரடைப்பு வந்தவருக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், 'ரத்தம் உறையாம இருக்க மாத்திரைய வேற யாராவது எழுதுவாங்க' என்று சொல்லி அனுப்புவாரா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999-இலேயே இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஐம்பது தாண்டி எலும்பு முறிந்து வருகிற ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, அடுத்த முறிவுக்கு மருந்து தேவையா என்று பார்த்து எழுதிவைக்க ஒரு நர்ஸை நியமித்தார்கள். பெரிய மெஷின் எதுவும் வாங்கவில்லை. 'இது என் வேலை' என்று சொல்ல ஓர் ஆளை வைத்தார்கள், அவ்வளவே. பிறகு பல நாடுகள் அதைப் பார்த்துச் செய்தன. உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் வரும்வரை பொறுக்க வேண்டுமா?

என் வேலையின் எல்லை எனக்குத் தெரியும். விழாமல் இருக்கப் பழக்குவது என் பொறுப்பு. கால் தசைக்குப் பலமும் நிதானமும் சொல்லித்தருகிறேன். உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2019-இல் காக்ரேன் தொகுப்பு சொன்னது. மீதி முக்கால் பங்கு? நான் என்னதான் முட்டிமோதினாலும் சிலர் விழத்தான் போகிறார்கள். அந்த நாளில் எலும்பு தாங்கவேண்டும். எனக்கு மருந்து எழுத உரிமை இல்லை. 'டாக்டர்கிட்ட கேளுங்க' என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். "பிசியோ சொன்னாங்களா?" என்று நீங்கள் புருவத்தைத் தூக்கியதாகத் திரும்பி வந்து சொல்வார்கள். அடுத்த நாள் அந்த வீட்டில் எனக்கு மரியாதை ஒரு படி குறைந்திருக்கும். பரவாயில்லை.

இனி நான் கேட்க வந்தது.

தையல் பிரிக்கும் நாளை எனக்குக் கொடுங்கள். ஐம்பது தாண்டிய ஒருவர், பெண்ணோ ஆணோ, நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்து வந்தால், சம்மரியில் முறிவின் பெயருக்குக் கீழே 'எலும்புப்புரை முறிவு' என்று ஒரு வரி சேருங்கள். வார்டில் இருக்கும்போதே கிரியாட்டினினும் கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்து, டி குறைவாக இருந்தால் அப்போதே ஈடுகட்டிவிடுங்கள். ஹொரைசனிலும் அப்படித்தான் செய்தார்கள். அந்த ஆய்வைப் பிறகு பிரித்துப் பார்த்தபோது, ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குப் பின் ஏற்றியவர்களுக்குத்தான் நன்மை தெளிவாகத் தெரிந்தது. முறிவு கூடுவதும் அதனால் தாமதப்படவில்லை. இரண்டு வாரம் என்பது என்ன? நீங்களே எழுதிக்கொடுக்கும் அந்த 14-ஆம் நாள்தான். ஆம்புலன்ஸோ ஆட்டோவோ வைத்து, நான்கு பேர் பிடித்து, அந்தப் பெரியம்மாவை எப்படியும் உங்கள் ஓ.பி.க்குக் கொண்டுவருகிறார்கள். அதன்பிறகு அவர் வரமாட்டார். நடந்துவிட்டால் எதற்கு வரவேண்டும் என்பார், நடக்காவிட்டால் எப்படி வருவது என்பார். தையலை எடுக்கிற அதே நாளில் டிரிப்பை ஏற்றலாமா, வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை போதுமா, இரண்டும் சரிப்படாதவரை யாரிடம் அனுப்புவது என்று முடிவெடுத்து எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று எழுதுங்கள்.

மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட வருபவரையும் விட்டுவிடாதீர்கள். ஒரு முறிவு அடுத்த முறிவின் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. பெரியம்மாவுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கை வந்தது. கட்டுப் போட்ட இடத்தில் அதைப் படிக்க ஆளில்லை. உங்களிடம் வருபவர்களுக்காவது படித்துச் சொல்லுங்கள்.

எழுதியதைக் காப்பாற்றுவது என் பாடு. அந்த வாராந்திர மாத்திரையின் கஷ்டம் எனக்குத் தெரியும்: விடிகாலை, வெறும் வயிறு, ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது, அதுவரை காபி கிடையாது. கண் விழித்ததும் காபி கேட்கும் நம் ஊர்ப் பெரியம்மாக்களிடம் இது லேசான காரியமில்லை. வாரத்தில் அந்த ஒருநாள் நான் ஆறரைக்கே போய்விடுகிறேன். மாத்திரையைக் கொடுத்து, நாற்காலியில் நிமிர உட்காரவைத்து, அந்த அரை மணியில் கால் பயிற்சியை முடித்துவிடுவேன். பிறகு அவருக்கும் காபி, எனக்கும் காபி. டிரிப் ஏற்றி வந்தவருக்கு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கு வருகின்றன. என் போன்ற பிசியோக்களும் வருகிறார்கள். அந்தப் பையில் இந்த மாத்திரையையும் சேருங்கள் என்று நாங்கள் போய்க் கேட்பதற்கும் உங்கள் சீட்டு வேண்டும்.

நான் சொன்ன பெரியம்மாவுக்கு வருகிற வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் இருப்பார். கவருக்குள் இரண்டு சம்மரியையும் சேர்த்தே வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மேலாக ஒரு துண்டுத் தாளில் என் கையெழுத்தில், 'வலது மணிக்கட்டு முறிவு, பத்து வருஷம் முன்பு' என்று எழுதாமல் விட்டுப்போன மூன்றாவதையும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அந்தத் தாளைப் பாருங்கள் டாக்டர்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்